நீ இடிக்கச் சொன்ன சுவர்

எஸ்தர்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? "இவருக்கு முத்திப்போச்சு" என்று உன் அம்மா சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பிப் போய்விட்டாள். நீ மாடியறையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினாறு படி ஏறினால் நேரில் சொல்லிவிடலாம். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் நமக்குள் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். இரண்டாவது வார்த்தைக்கு நான் சத்தம் போடுவேன், மூன்றாவது வார்த்தைக்கு நீ "சரிப்பா, விடுங்க" என்பாய், காரியம் அப்படியே கிடக்கும். எட்டு மாதமாக அப்படித்தான் கிடக்கிறது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். இலங்கை மலையகத்தில் மண் சரிந்து வீடிழந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்க நம் சபையிலிருந்து இரண்டாவது குழு போகிறது. அதற்கு யார் தலைவர் என்று அன்றைக்கு முடிவாகும். முதல் குழுவை நடத்திக்கொண்டு போனவள் நீ. இந்தத் தடவையும் நீதான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை சபைச் செயலர் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, நீ இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை என்று விசாரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, போன தரம் பாப்பா கையில குடுத்து ரொம்பச் சங்கடமாப் போச்சு. இந்தத் தரம் நீங்க தலைமை ஏத்துக்கிடணும். வேலை தெரிஞ்ச மனுசன். ஒங்க பேரச் சொன்னா யாரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க." நான் வாயைத் திறக்கவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். 

போன தடவை வந்த சங்கடம் முழுக்க என்னால் வந்தது. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும். கூட வந்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் என் நரைத்த தலைக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டார்கள். சபைக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். எழுதாமல் பேசினால் நடுவில் யாராவது ஒருவர் இருமினாலும் எனக்குக் கோபம் வந்து பேச்சு திசை மாறிவிடும், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். உன்னிடம் முன்கூட்டியே தருவதற்கும் காரணம் இருக்கிறது. அங்கே முதல்முறையாகக் கேட்டால் நீ எழுந்து என்னைத் தடுத்துவிடுவாய். தடுக்காதே, சொல்லிவிட்டேன்.

நாற்பது வருஷமாக இந்தத் தூத்துக்குடியில் வீடு கட்டுகிறேன். நாசரேத்திலிருந்து ஒரு கொத்துக் கரண்டியோடு பஸ் ஏறி வந்தவன். பழைய துறைமுகத்துப் பக்கம் குடோன் கட்டியிருக்கிறேன், உப்பளத்து முதலாளிகளுக்கு மாடி கட்டியிருக்கிறேன். என் வேலையில் குற்றம் கண்டுபிடித்தவன் இந்த ஊரில் கிடையாது என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். குற்றமே இல்லை என்பதால் அல்ல, சொல்ல வந்தவன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். நம் வீட்டு அடுப்பு மேடையையே எடுத்துக்கொள். என் உயரத்துக்கு அளந்து கட்டிவிட்டேன். உன் அம்மா என் தோளுக்குக் கீழே. குடிவந்த அன்றைக்கே சொன்னாள். "மேடையில என்ன கொறை? நீ குட்டையாப் பொறந்ததுக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டேன். இருபத்தாறு வருஷமாக அவள் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைக்கிறாள். ஒரு நாள் வேலைதான் அதை இடித்துத் தாழ்த்த. இடித்தால் நான் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும் அல்லவா!

இன்னொன்று உனக்குத் தெரியாது. உனக்குப் பதினோரு வயதிருக்கும், பள்ளிக்கூடம் லீவு என்று என்னோடு ஒரு வீட்டு வேலைக்கு வந்தாய். குளியலறைக் கதவை இழுத்து மூடிப் பார்த்துவிட்டு, "அப்பா, தொறந்தா கொழாய்ல இடிக்குமே" என்றாய். வேலைக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "போளா அங்கிட்டு, பெரிய இன்ஜினீயர் வந்துட்டா" என்று கத்தினேன். நீ முகம் சுருங்கிப்போய் வெளியே ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாய். உன்னை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினேன். நீ சொன்னதுதான் சரி. இன்றைக்குத்தான் சொல்கிறேன். அப்போதே சொல்லியிருந்தால் இலங்கையில் என்னிடம் நீ இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்பாய் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பயணத்தில் உன்னைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன் என்பதையும் உன்னிடம் நான் சொன்னதில்லை. கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தக் கப்பல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை, பதினாலு பேரை மதுரையில் விமானம் ஏற்றிக் கொழும்பில் இறக்கி, அங்கிருந்து மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நம் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள்! ஒருவர் பை நிறையக் கருவாடு, ஒருவர் மக்ரூன் டப்பா, ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போடுகிற பாலீஷ் போட்ட ஷூவோடு மண் சுமக்க வந்திருந்தார். வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத கூட்டம், அந்தக் குளிரில் மங்கிக் குல்லாயும் போர்வையுமாக நின்றது. அட்டை கடித்ததும் கூச்சல் வேறு. நீ ஒருத்தரையும் வையவில்லை. ஷூ போட்டவருக்கு எங்கிருந்தோ ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்து கொடுத்தாய். எல்லோரும் செல்போனைத் தூக்கியபோது மட்டும் கறாராக ஒன்று சொன்னாய். "வீடு முடிஞ்சு அவங்களா நம்மள உள்ள கூப்பிடுத வரைக்கும் யாரும் அவங்களப் படம் எடுக்கக் கூடாது." செயலருக்கு அனுப்பப் படம் இல்லையே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நீ அசையவில்லை. என் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம் சபைக்கு ஒதுக்கிய வீடு பாக்கியத்தினுடையது. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். லயம் என்கிற வரிசைவீட்டில் அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராமேல் மண் சரிந்து விழுந்தபோது வீட்டோடு மாமியாரையும் பறிகொடுத்தவள். புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவளும் ஒரு பள்ளிக்கூடத்து மூலையில் தங்கியிருந்தார்கள். புது இடத்தில் அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டிருந்தார்கள், சுவரும் கூரையும் நம் பொறுப்பு. மலையைச் செதுக்கிச் சமன்செய்த இடம் என்பதால் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மேடு. மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் நாலடி இடைவெளி. அந்த இடைவெளியில் நீளத்துக்கும் ஒரு வாறுகால் ஓட வேண்டும் என்று வீட்டு வரைபடத்தில் போட்டிருந்தது. அங்கே அதைக் கான் என்கிறார்கள். மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீரும் கூரைத் தண்ணீரும் அதில் விழுந்து கீழே ஓடிவிட வேண்டும்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நம் ஊர்க்காரன் எவனுக்கும் எரியும். கிணற்றைத் தோண்டினால் உப்புத் தண்ணீர், குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர், ஒரு குடத்துக்காக உன் அம்மா எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்! ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த வருஷம்கூட, தண்ணீர் வடிந்த மறுவாரமே நாம் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்தவர்கள்தானே. நான் கட்டிய எந்த வீட்டிலும் கூரைத் தண்ணீரை ஒரு சொட்டு தெருவுக்கு விட்டதில்லை. முதலில் தொட்டி, பிறகுதான் வீடு. அந்தப் பழக்கத்தில், வாறுகால் வர வேண்டிய இடத்தில் ஒரு தொட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு மண்மேடு இருக்கிறது, மறுபக்கத்துக்கு வீட்டின் பின்சுவரே போதும், இரண்டு தடுப்பு வைத்தால் தொட்டி தயார், கல்லும் மிச்சம் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாக்கியம் எங்களுக்குச் சாயத்தண்ணீர், அதாவது பால் ஊற்றாத தேநீர், கொண்டுவந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். "ஐயா, இங்க தண்ணிய நிப்பாட்டாதீங்க. அது போற போக்குல போக விட்ரணுங்க. நின்னுச்சின்னா மண்ணையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்" என்றாள். மாமியாரை மண்ணுக்குக் கொடுத்தவள் சொல்கிறாள். நான் சிரித்தேன், எஸ்தர். "எங்க ஊருக்கு வந்து பாரும்மா, தண்ணின்னா என்னன்னு தெரியும்" என்று சொல்லிச் சிரித்தேன். நீ வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தாய். "அப்பா, இதுல கான்தான் போட்டிருக்கு. அந்த அக்காவும் வேண்டாம்ங்காங்க. தொட்டி வேணும்னா முன்னால தனியா வச்சுக்கிடலாம்பா" என்று மெதுவாகத்தான் சொன்னாய். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் கரண்டியைக் கீழே போட்டேன். "நீ தாளப் பாத்துச் சொல்லுத. நான் கையால கட்டிச் சொல்லுதேன். ஒங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, நான் ஊருக்குப் போறேன்" என்றேன். நீ என்னையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தாய். "சரிப்பா, கட்டுங்க" என்றாய்.

எட்டாம் நாள் மழை பிடித்தது. நமக்கெல்லாம் மழை என்றால் கார்த்திகையில் நாலு நாள் அடித்துவிட்டுப் போகும். அங்கே பெய்த மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஒன்றரை நாள் நிற்காமல் பெய்தது. மழை வெறித்ததும் போய்ப் பார்த்தோம். தொட்டி நிரம்பி வழிந்து, வழிந்ததற்குப் போக்கு இல்லாமல் வீட்டுக்குள் தரை நனைந்து கிடந்தது. மேட்டுத் தண்ணீர் தொட்டியில் முட்டி நின்று மண் ஊறிப் பொதபொதவென்று முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அது தொட்டியைத் தள்ள, தொட்டி பின்சுவரைத் தள்ள, ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. சுவர் நேராக நிற்கிறதா என்று நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை, கண்ணாலேயே தெரிந்தது. "பூசிட்டா தெரியாது" என்று என் வாயிலிருந்து வந்தது. ஆமாம், சொன்னேன். மறுநாள் மறைக்கிற பூச்சைப் பூசிவிட்டு, அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை நடத்தி, பக்கத்துத் தோட்டத்துச் சபைக் குருவான ஐயர் ஜெபம் செய்ய, படம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று என் மண்டை கணக்குப் போட்டது.

நீ அந்த வெடிப்பில் கையை வைத்துப் பார்த்தாய். பாக்கியத்தை அழைத்துக்கொண்டு மேட்டின்மேல் ஏறி, மண்ணைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தாய். இறங்கி வந்து எல்லோரையும் கூப்பிட்டாய்.  "ஞாயித்துக்கெழம பிரதிஷ்டை கெடையாது. தொட்டிய இடிக்கோம். பின்செவத்தையும் இடிக்கோம். அடியில இருந்து திரும்பக் கட்டணும். இந்த வீட்டுல படுக்கப் போறது நாம இல்ல." அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாய் என்று நினைக்கிறேன். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு நடந்துவிட்டேன். நாற்பது வருஷத்தில் நான் கட்டிய சுவரை என் கண்முன்னால் யாரும் இடித்ததில்லை. முதல் கடப்பாரையை நீதான் போட்டாய். அந்தச் சத்தம் எனக்குத் தூரத்தில் கேட்டது.

இதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது, அதையும் வாசிக்கத்தான் போகிறேன். திங்கட்கிழமை டிக்கெட். நீயும் நாலு பேரும் வேலை முடியும்வரை இருப்பதென்று முடிவு செய்தீர்கள். மற்றவர்களுக்கு வேலைவெட்டி, பரீட்சை, பிள்ளைகுட்டி என்று நியாயமான காரணங்கள் இருந்தன. குழுவில் இருந்த ஒரே கொத்தனார் நான். இடிந்து கிடந்தது நான் கட்டியது. பிரஷர் மாத்திரை தீர்ந்துபோகும் என்று சொல்லி நானும் பஸ் ஏறினேன். மாத்திரை அந்த ஊர்க் கடையில் கிடைக்காதா? கிடைக்கும். முந்தின நாள் சும்மா விசாரித்தும் வைத்திருந்தேன், ஆனாலும் ஏறினேன். நீ பஸ் ஜன்னலுக்கு வந்தாய். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். "அப்பா, ஒங்க தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வச்சிட்டுப் போறீங்களா? அங்கன உள்ளது சரியில்ல" என்று கேட்டாய். பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டு நாள். சம்பளமில்லாத லீவு போட்டு, அந்த ஊர்க் கொத்தனார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பாக்கியமும் அவள் புருஷனும் கூட நிற்க, அஸ்திவாரத்தைத் தோண்டி, மேட்டுக்குக் கருங்கல்லால் தடுப்புச் சுவர் வைத்து, அடியில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் விட்டு, கானை வெட்டிக் கீழே ஓடைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாய். தொட்டியையும் கைவிடவில்லை. முன்பக்கம் சின்னதாக, நிரம்பினால் தானாக வழிந்து கானில் விழுகிற மாதிரி தனியாக ஒன்று வைத்தாய். அப்பா ஆசைப்பட்டாரே என்றா வைத்தாய்? கேட்கத் தைரியம் இல்லை. நீ திரும்பி வந்தபோது உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. உன் அம்மா அதைத் தேய்த்து விட்டுக்கொண்டே அழுதாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த சபைக் கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரதிஷ்டை ஏன் நடக்கவில்லை, படம் ஏன் இல்லை, அழைத்திருந்த ஐயரிடம் நாம் தலைகுனிய வேண்டியதாகிவிட்டதே என்று கேள்விமேல் கேள்வி. பின்வரிசையிலிருந்து ஒருவர், "பொம்பளப்புள்ளைய தலைவியாப் போட்டா இப்படித்தான். கட்டுனத இடிச்சு வெளயாடிட்டு வந்திருக்கு" என்றார். நீ எழுந்தாய். "வரபடத்துல இல்லாதத கட்டச் சம்மதிச்சது நான். இடிக்கச் சொன்னதும் நான். பொறுப்பு என்னோடது" என்று மூன்று வரியில் முடித்து உட்கார்ந்தாய். என் பெயர் உன் வாயில் வரவில்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாட்டு எண் போடுகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், எழுந்து சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "மேட ஒயரமாப் போச்சுன்னு நான் பலகையில ஏறி நிக்கேன். புள்ளையும் ஏறி நிக்கணுமா?" என்று கேட்டாள்.  அந்தக் கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

போன மாதம் பாக்கியத்திடமிருந்து என் செல்போனுக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. உனக்கும் அனுப்பினேன், ஒரு வார்த்தைகூட எழுதாமல். கேட்டிருப்பாய். சபையாரும் கேட்கட்டும் என்று அப்படியே எழுதுகிறேன். "ஐயா, அஞ்சு நாளா மழ விடலைங்க. மேல் லயத்துப் பக்கம் மறுபடியும் மண்ணு எறங்கிருச்சு. நல்லவேளை, ஆளு எல்லாரும் முன்னமே வெளிய வந்துட்டாங்க. நம்ம வீட்டுப் பின்னால கான் நெறைய செவப்பாத் தண்ணி ஓடுதுங்க. செவுரு அசையல. அக்கம்பக்கத்து ஆளுங்களோட இப்ப ஒம்பது பேரு இங்கதான் இருக்கோம். தங்கச்சிக்கு ஃபோன் போக மாட்டேங்குது, அவங்க கட்டுன வீடு நல்லா நிக்குதுன்னு சொல்லிருங்க." எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. என் தொட்டியும் என் பூச்சும் அங்கே இருந்திருந்தால் அந்த ஒன்பது பேர் எங்கே இருந்திருப்பார்கள்?  

சபையாருக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்டடக்காரனுக்குக் கட்டத் தெரிவது பெரிய விஷயமில்லை, ஊரில் ஆயிரம் பேருக்குத் தெரியும். நாள் குறித்து, ஐயரை அழைத்து, மாலைக்குச் சொல்லி வைத்த பிறகு, பெற்ற தகப்பன் கட்டிய சுவரை இது தாங்காது என்று சொல்லி இடிக்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. நம் கமிட்டியில் யாருக்காவது இருக்கிறதா என்று அவரவர் யோசித்துப் பார்க்கட்டும். செயலர் எனக்குக் கொடுக்க வந்த பதவிக்கு நான் தகுதியில்லை. அந்தக் குழுவில் தகுதியான ஆள் ஒருத்திதான் இருந்தாள். என் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை. வாய்விட்டுச் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் கேவலம்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பன் இல்லையா, புத்தி சொல்லாமல் விட மாட்டேன். என் பிழையை உன் பெயரில் எடுத்துக்கொண்டாயே, அது பாசம், புரிகிறது. இனி அதைச் செய்யாதே. நீ என்னைக் காப்பாற்றினாய், அதனால் இந்தத் தடவை நாம் வீடு கட்டிக்கொடுக்கப் போகிற மூன்று குடும்பத்துக்குத் தொட்டி கட்டுகிறவனே தலைவனாக வரவிருந்தான். சத்தம் போட்டுப் பேசுகிறவனுக்கு விட்டுக்கொடுக்காதே. அவன் கரண்டியைக் கீழே போட்டால் போடட்டும், ஊருக்குப் போகிறேன் என்றால் பஸ்ஸுக்கு வழியைக் காட்டு. அன்றைக்கு நீ செய்த ஒரே தப்பு "சரிப்பா" என்றது. அதையும் நான்தான் சின்ன வயதிலிருந்து உனக்குப் பழக்கி வைத்திருக்கிறேன். முகத்துக்கு நேரே என்னிடம் "தப்புப்பா" என்று சொல். நான் குதிப்பேன். குதித்து முடித்ததும் இன்னொரு தடவை சொல்.

நேற்று சாயங்காலம் ஆலய ஆபீஸுக்குப் போய் இரண்டாவது குழுவில் சேருவதற்கான தாளை வாங்கினேன். செயலர் பேனாவை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பெயர், வயது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தது, ஒழுங்காக நிரப்பினேன். மாத்திரை அங்கேயே கிடைக்கும் என்றும் எழுதினேன். குழுத் தலைவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட அடியில் இடம் விட்டிருக்கிறார்கள். "அதுல யாரு போடுவா அண்ணாச்சி, நீங்கதானே தலைவர்?" என்று செயலர் சிரித்தார். "எம்மவ போடுவா. போடாட்டா நான் வரல" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. உன் அம்மா வந்ததும் இந்தக் கடிதத்தோடு தாளையும் மாடிக்குக் கொடுத்து அனுப்புகிறேன். சேர்ப்பதும் தள்ளுவதும் உன் இஷ்டம், தள்ளினால் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். "உங்களுக்குத் தெரிந்த வேலை" என்று ஒரு கட்டம் இருந்தது. "தலைமைக் கொத்தனார்னு போடுங்க" என்று செயலர் எடுத்துக் கொடுத்தார். நான் "சொன்னதைக் கேட்பேன்" என்று எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா